காயமும் முதல் பத்து நிமிடங்களும்

(ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரம், இஷாத் தொழுகைக்குப் பின் நம் பள்ளிவாசலில் ஜமாஅத்தார் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

குர்பானி நாள்கள் நெருங்கிவிட்டன. ஆட்டின் வயது, பங்கின் கணக்கு, இறைச்சியைப் பகிரும் முறை ஆகிய மஸ்அலாக்களை ஜும்ஆ பயான்களில் கேட்டுவருகிறீர்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது அறுப்பவருடைய கையைப் பற்றியது. பெருநாளன்று நம் மஹல்லாவில் கூர்மையான கத்திகள் பல பழக்கமில்லாத கைகளில் இருக்கின்றன. கயிற்றை இழுத்துக்கொண்டு கிடா ஓடுகிறது. பிடிக்கப் போன பிள்ளை தெருவில் விழுகிறது. எலும்பைத் துண்டாக்கும்போது சில்லு தெறிக்கிறது. தேக்சாவில் குழம்பு கொதிக்கிறது. ஆகவே காயங்களின் வகைகளையும், மருத்துவரிடம் சேர்வதற்குள் நாம் செய்யத்தக்கதையும் செய்யத்தகாததையும் அறிந்துகொள்வது இந்நாள்களுக்குப் பொருத்தமானதாகும்.

இரண்டு நிகழ்ச்சிகள்

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்களின் திருமுகத்தில் காயம் ஏற்பட்டது. அலீ (ரலி) அவர்கள் தம் கேடயத்தில் நீர் கொணர்ந்து ஊற்ற, ஃபாத்திமா (ரலி) அவர்கள் காயத்தைக் கழுவினார்கள். நீர் ஊற்ற ஊற்ற இரத்தம் மிகுவதை அவர்கள் கண்டார்கள். உடனே கழுவுவதை விட்டுவிட்டுப் பாய்த் துண்டு ஒன்றை எரித்து, அந்தச் சாம்பலைக் காயத்தில் வைத்தார்கள், இரத்தம் நின்றது. ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி இது. காயத்தை உற்றுக் கவனித்து, ஒரு முறை பயன்படவில்லை என்று கண்டதும் பதறாமல் அடுத்த முறைக்கு மாறிய அறிவை இதில் காண்கிறோம்.

"அப்படியாயின் இன்றும் சாம்பல் வைக்கலாமா?" என்று சிலர் கேட்பதுண்டு. இரத்தத்தை நிறுத்துவதே அங்கு நோக்கம். போர்க்களத்தில் கிடைத்த சாதனம் அந்தப் பாய். இன்று அதே நோக்கத்தை நிறைவேற்றச் சுத்தமான துணியும் பஞ்சும் நம் வீட்டில் இருக்கின்றன. அடுப்படிச் சாம்பலில் கலந்துள்ள அழுக்கு காயத்தைச் சீழ்ப்பிடிக்கச் செய்யும் என்பதை மருத்துவம் தெளிவாக்கியிருக்கிறது. நல்ல சாதனம் அருகில் இருக்கையில் அதைவிடக் குறைந்ததை நாடுவது சுன்னத்தைப் பேணுவதாகாது.

இரண்டாவது நிகழ்ச்சி ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது, அபூதாவூதில் உள்ளது. பயணத்தில் ஒருவருடைய தலை கல் பட்டு உடைந்தது. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தண்ணீர் படாமல் தயம்மும் செய்துகொள்ளலாமா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் கிடைக்கும்போது சலுகை கிடையாது என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், அவருடைய மரணத்திற்கு அந்த ஆலோசனை கூறியவர்களையே பொறுப்பாக்கிக் கடிந்துகொண்டார்கள். தெரியாதபோது கேட்டறிந்திருக்க வேண்டும் என்று உணர்த்தினார்கள்.

சகோதரர்களே! அந்த ஆலோசனையைக் கூறியவர்கள் பகைவர்களல்லர். உடன் பயணம் செய்த நண்பர்கள். நம் தெருக்களிலும் காயம்பட்டவனைச் சுற்றி நிற்பவர்கள் அன்புடையவர்களே. ஒருவர் காப்பித்தூளைக் கொண்டுவருகிறார். ஒருவர் சுண்ணாம்பைக் கொண்டுவருகிறார். ஒருவர் பற்பசையைக் கொண்டுவருகிறார். அன்பு மட்டும் காயத்தை ஆற்றுவதில்லை. அன்போடு அறிவும் சேர வேண்டும் என்பதே இவ்வுரையின் சாரம்.

காயத்தைக் கண்டதும் நம் கண் இரத்தத்தையே பார்க்கிறது. இரத்தம் மிகுந்தால் அஞ்சுகிறோம்; இரத்தம் இல்லையேல் அலட்சியம் செய்கிறோம். ஆனால் ஒவ்வொரு வகைக் காயத்திற்கும் ஆபத்து ஒவ்வோர் இடத்தில் இருக்கிறது.

வெட்டுக்காயம்: இரத்தமே ஆபத்து

கத்தி, அரிவாள், கண்ணாடி ஆகியவற்றால் உண்டாவது வெட்டுக்காயம். ஓரங்கள் நேராக இருக்கும். இரத்தம் விரைந்து வெளியேறும். வளர்ந்த மனிதர் ஒருவருடைய உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உள்ளது. அதில் ஒரு லிட்டருக்கு மேல் இழந்தாலே உடல் குளிர்ந்து, வியர்த்து, மயக்க நிலை தொடங்கிவிடும். பெரிய இரத்தக்குழாய் அறுபட்டால் சில நிமிடங்களில் உயிர் பிரியலாம். ஆம்புலன்ஸ் வருவதற்கு முந்திய அந்த நிமிடங்கள் முழுவதும் அருகில் நிற்பவருடைய பொறுப்பில் இருக்கின்றன.

செய்ய வேண்டியது எளிது. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்த வேண்டும். குறைந்தது 10 நிமிடங்கள் கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். நிதானமாக நான்கு ரக்அத் தொழுது முடிக்கும் நேரம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் தவறுவது இங்கேதான். அரை நிமிடத்திற்கு ஒருமுறை, நின்றுவிட்டதா என்று துணியைத் தூக்கிப் பார்க்கிறார்கள். உறையத் தொடங்கிய இரத்தம் ஒவ்வொரு முறையும் பிய்ந்து மீண்டும் பெருகுகிறது. துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன் மேலேயே மற்றொன்றை வைத்து, இன்னும் பலமாக அழுத்த வேண்டும். நின்றபின் அத்துணியோடு சேர்த்துக் கட்டிவிடலாம். உதவுபவர் கையுறையோ, அது இல்லையேல் சுத்தமான பிளாஸ்டிக் பையோ அணிந்துகொள்வது அவருக்கும் பாதுகாப்பாகும்.

கையிலோ காலிலோ ஏற்பட்ட காயம் எவ்வளவு அழுத்தியும் நிற்காமல் இரத்தம் பீறிட்டால் மட்டும், காயத்திற்கு நான்கு விரற்கடை மேலே, மூட்டின் மீது அமையாதவாறு, அகலமான துணியால் இறுகக் கட்டிக் கட்டிய நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். அதை மருத்துவரே அவிழ்க்க வேண்டும். மெல்லிய கயிறும் கம்பியும் கூடா. அவை சதையை அறுத்துவிடும்.

விரல் துண்டாகிவிட்டால் அத்துண்டைத் தேடி எடுங்கள். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு வாயைக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி இட்ட நீரில் வைத்துக் காயம்பட்டவருடனேயே அனுப்ப வேண்டும். பனிக்கட்டியில் நேராக வைத்தால் சதை கெட்டுப்போகும். முறையாகக் கொண்டுசென்றால் பொருத்திவிட வாய்ப்புண்டு.

காயம்பட்டவருக்கு மயக்கம் வருவதுபோலிருந்தால் படுக்கவைத்துப் போர்த்துங்கள். சோடாவும் தண்ணீரும் புகட்டுவது நம் வழக்கம். நினைவு குன்றியவர் வாயில் ஊற்றிய நீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடக்கூடும். அறுவை சிகிச்சைக்கும் வெறும் வயிறே நல்லது.

சிராய்ப்பும் கிழிகாயமும்: மண்ணே ஆபத்து

பைக்கிலிருந்து விழுந்தவர்களுக்கும், கிடா இழுத்துச் சென்ற பிள்ளைகளுக்கும் தோல் உராய்ந்து சிராய்ப்பு உண்டாகிறது. தகரமோ கம்பியோ பட்டால் ஓரம் ஒழுங்கற்ற கிழிகாயம் உண்டாகிறது. இவற்றில் பெரும்பாலும் இரத்தம் குறைவு. மண்ணும் சாணத்தூளும் உள்ளே தங்குவதே கேடு. குழாயைத் திறந்து, ஓடும் நல்ல நீரில் மண் போகும்வரை கழுவ வேண்டும். காயத்தைச் சுற்றியுள்ள தோலைச் சோப்பால் கழுவ வேண்டும். பிறகு சுத்தமான துணியால் மூடினால் போதும். மஞ்சள்தூள், காப்பித்தூள், சாம்பல், சிலந்திவலை ஆகிய எதுவும் வேண்டா. மருத்துவர் தையல் இடுவதற்கு முன் அப்பொடிகளையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறது; காயம்பட்டவர் இருமுறை வேதனைப்படுகிறார்.

குத்துக்காயம்: ஆழமே ஆபத்து

ஆணி, முள், எலும்புச் சில்லு, கத்தியின் முனை ஆகியவை ஏற்படுத்துவது குத்துக்காயம். வாய் சிறியது, ஆழம் பெரியது. இரத்தம் இரண்டு சொட்டு வந்து நின்றுவிடுவதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. ரணஜன்னி என்னும் நோயின் கிருமி மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் வித்தாக உறங்கிக் கிடக்கிறது. காற்றுப் புகாத ஆழத்தை அடைந்ததும் அது விழித்து நஞ்சைச் சுரக்கிறது. பெரும்பாலும் மூன்று நாள் முதல் மூன்று வாரத்திற்குள் தாடை இறுகி, உடல் வில்லாக வளையும். துருப்பிடித்த ஆணியால்தான் வரும் என்பது தவறான எண்ணம். துரு நோயைத் தருவதில்லை. ஆணியில் ஒட்டிய மண்ணே தருகிறது. மின்னும் புதிய ஆணியும் மண்ணில் கிடந்திருந்தால் ஆபத்துடையதே.

இதற்குத் தடுப்பூசி உண்டு. மக்கள் வழக்கில் டி.டி. ஊசி என்பர். பத்து ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்வது முறை. மண் கலந்த காயம் என்றால், கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு கடந்தவர்கள் உடனே மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

உடலில் கத்தியோ கம்பியோ ஆழமாகப் பாய்ந்து நிற்குமாயின் அதைப் பிடுங்கக் கூடாது. உள்ளே அறுந்த குழாயை அதுவே அடைத்துக்கொண்டிருக்கலாம். இருபுறமும் துணியைச் சுருட்டி வைத்து, அது அசையாதவாறு கட்டி அனுப்ப வேண்டும்.

கடிக்காயம்: எச்சிலே ஆபத்து

நாம் முன்பு பணியாற்றிய ஊர் ஒன்றில், மக்தபுக்கு வந்துகொண்டிருந்த ஒரு சிறுவனை நாய்க்குட்டி கணுக்காலில் கடித்தது. பல் பட்ட அடையாளம் கடுகளவுதான். அண்டை வீட்டார் சுண்ணாம்பு தடவினர். "குட்டிதானே, ஒன்றும் செய்யாது" என்று எல்லோரும் ஆறுதல் கூறினர். இரண்டு மாதம் சென்றபின் தண்ணீரைக் கண்டதும் அப்பிள்ளையின் தொண்டை இறுகியது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். செய்வதற்கு ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. அவனுக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தும் பொறுப்பு நம்மீது விழுந்தது. அடக்கம் முடிந்து திரும்பும்போது அவனுடைய தந்தை நம் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹஜ்ரத், ஊசி போடணும்னு ஒருத்தராவது எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அக்கேள்வியை நாம் எந்த ஊருக்குச் சென்றாலும் உடன் எடுத்துச்செல்கிறோம். இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

வெறிநாய்க்கடி நோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் தோன்றுவதற்கு முன் தடுப்பது மனிதனுக்கு எளிதாக்கப்பட்டுள்ளது. 1885இல் பிரான்சு நாட்டில் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பூசியிட்டுக் காப்பாற்றினார். 1907இல் நம் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரிலேயே பாஸ்டர் நிலையம் அமைந்துவிட்டது. நூறாண்டுக்கு மேலாக மருந்து நம் மலையிலேயே இருந்தும், சுண்ணாம்பை நம்பிப் பிள்ளையை இழப்பது எத்தகைய துயரம்!

நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும், நகத்தால் கீறினாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவ வேண்டும். கழுவுவதே பெருமளவு கிருமியை அகற்றிவிடும். பின்பு அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குட்டி என்றோ, வீட்டு நாய் என்றோ விடக் கூடாது. ஊசிகளைக் குறித்த நாள்களில் கடைசிவரை போட்டு முடிக்க வேண்டும். இரத்தம் வருமாறு கடித்திருந்தால் காயத்திலேயே செலுத்தும் மற்றொரு மருந்தும் தேவைப்படும். அதையும் கேட்டுப் பெறுங்கள். மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் எண்ணெயும் கூடா. வீட்டில் கட்டுப் போடவும் வேண்டா, திறந்தபடியே கொண்டுசெல்லுங்கள்.

பாம்பு கடித்தால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிறு கட்டுவதும் தீங்கே தரும். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடித்த உறுப்பை அசையாமல் வைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசேர்ப்பதே வழி. ஓதிப் பார்ப்பதற்காக நம்மிடம் அழைத்துவர வேண்டா. வண்டி மருத்துவமனையை நோக்கிப் போகட்டும், நாம் இங்கிருந்தே துஆச் செய்கிறோம்.

ஊமைக்காயம்: மறைவே ஆபத்து

தோல் கிழியாமல் உள்ளே கன்றிப்போவது ஊமைக்காயம். கை கால்களில் பட்ட சிறு அடியாயின் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்தால் வீக்கம் அடங்கும். தலையில் பட்ட அடியும் வயிற்றில் பட்ட அடியும் அவ்வாறல்ல. தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்து, சாப்பிட்டு, உறங்கச் சென்றபின் நிலை மோசமாகலாம். வாந்தி, கடும் தலைவலி, குழறல், மிகுந்த உறக்கம், காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது நீர் வடிதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் நள்ளிரவென்று பாராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கிடா முட்டியபின் வயிறு கல்லாக இறுகி வலித்தாலும் அவ்வாறே.

தீக்காயம்: தங்கிய சூடே ஆபத்து

கொதிநீரும் குழம்பும் பட்டால், அது வழிந்த பின்னும் சூடு சதைக்குள் தங்கி எரித்துக்கொண்டேயிருக்கும். ஆகவே உடனே குழாய் நீரில் இருபது நிமிடங்கள் காட்ட வேண்டும். வீங்குவதற்கு முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்ற வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. பனிக்கட்டி, பற்பசை, மை, இட்லி மாவு ஆகியவை வேண்டா. சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். முகம், கை, மர்ம உறுப்பு ஆகியவற்றில் பட்டாலும், உள்ளங்கையை விடப் பெரிதாயினும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

வலிக்காத காயமும் ஒளுவும்

நம் ஜமாஅத்தில் சர்க்கரை நோயுடையோர் பலர். நாள்பட்ட சர்க்கரை, பாதத்தின் உணர்வை மெல்லப் பறித்துவிடும். முள் தைத்தாலும் தெரியாது. செருப்புக் கடித்தாலும் தெரியாது. வலிக்காத அக்காயம் புண்ணாகி, எலும்பை எட்டி, காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுசெல்கிறது. நாளுக்கு ஐந்து வேளை ஒளுச் செய்யும் சமுதாயம் நாம். கால் விரல்களின் இடுக்கைக் கோதிக் கழுவும்போதே உள்ளங்காலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குனிய இயலாத பெரியவரின் பாதத்தை, அருகில் அமர்ந்து ஒளுச் செய்யும் இளைஞர் பார்த்துச் சொல்லட்டும். கழுவிய பின் இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள்.

காயத்திற்குக் கட்டுப் போட்டவர்கள் தொழுகைக்காக அதை அவிழ்த்து நனைக்க வேண்டியதில்லை. கட்டின் மீது ஈரக்கையால் தடவுதல், தேவையாயின் தயம்மும் ஆகிய சலுகைகளை ஷரீஅத் வழங்கியிருக்கிறது. மத்ஹபுகளிடையே செயல்முறையில் வேறுபாடு இருப்பதால் தத்தம் நிலையைக் கூறி நம்மிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தலை உடைந்த அந்தப் பயணியின் முடிவு நம்மில் எவருக்கும் நேரக் கூடாது.

ஜமாஅத்தின் கடமை

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போரில் கையில் காயம்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காக மதீனாப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் பெயரையும் சரித்திரம் அதனோடு பாதுகாத்து வைத்திருக்கிறது. ஆகவே காயத்திற்கு உதவுவது பள்ளிவாசலுக்குப் புறம்பான பணியன்று.

நம் பள்ளியில் சந்தூக் இருக்கிறது. கஃபன் துணியும் ஆயத்தமாக இருக்கிறது. முதலுதவிப் பெட்டி இல்லை. இறந்தவருக்கு வேண்டியவற்றைப் பேணிவைத்திருக்கும் நாம், உயிரோடிருப்பவருக்கு வேண்டியதையும் பேணிவைக்க வேண்டும். கமிட்டியாரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, ஒளுச் செய்யும் இடத்தருகே ஒரு பெட்டி: பஞ்சு, கட்டுத்துணி, ஒட்டும் நாடா, கத்தரிக்கோல், கையுறை, சோப்பு, பெரிய சுத்தத் துணிகள். மோதினார் மாதம் ஒருமுறை அதைச் சரிபார்க்கட்டும். இரண்டாவது, தெருவுக்கு இருவர் வீதம் ஆணும் பெண்ணும் முதலுதவிப் பயிற்சி பெறட்டும். செஞ்சிலுவைச் சங்கமும் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் இத்தகைய பயிற்சி அளிக்கின்றன. மூன்றாவது, குர்பானி இடும் இடங்களில் குழாய் நீரும், ஒரு வாகனமும், அழைக்க வேண்டிய எண்ணும் முன்கூட்டியே ஆயத்தமாகட்டும். தமிழகத்தில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையைப் பிள்ளைகளும் அழைக்கக் கற்றிருக்க வேண்டும்.

சாலையில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய நேரும் என அஞ்சுவோர் உண்டு. உதவுபவரைத் துன்புறுத்தக் கூடாது என்ற நெறிகளுக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை அளித்தது. 2019இல் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் அப்பாதுகாப்பை உறுதி செய்தது. பெயரைக் கூறுமாறுகூட அவரை வற்புறுத்த முடியாது. அடிபட்டவர் எம்மதத்தவர், எத்தெருவினர் என்று இரத்தம் கேட்பதில்லை. நாமும் கேட்க வேண்டியதில்லை.

ஆகவே சகோதரர்களே, நான்கு சொற்களை இன்றிரவே வீட்டில் சொல்லிவையுங்கள்: இரத்தம் பெருகினால் அழுத்துங்கள், அழுக்கும் கடியும் என்றால் கழுவுங்கள், சுத்தத் துணியால் மூடுங்கள், கடிக்காயத்தைத் திறந்தே விட்டு, தாமதமின்றிக் கொண்டுசேருங்கள். தெரியாத எதையும் தடவாதீர்கள்.

நம் கைகளைக் காயத்திலிருந்து காத்து, காயம்பட்டோருக்கு உதவும் கைகளாக அவற்றை ஆக்கிவைக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.